பவர் ஸ்டீயரிங் கனத்த கதை: பம்பை மாற்றியும் அடங்காத முனகல்

நேற்று மாலை எங்கள் கொரட்டூர் சந்தில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங்கை ஒரே கையால் சுற்றினேன். சத்தமில்லாமல் சுற்றியது. இதற்கு ஏழு வாரமும் பதிமூன்றாயிரம் ரூபாயும் ஆனது. அதில் பாதி என் அவசரத்துக்குக் கொடுத்த விலை. எங்கெல்லாம் தப்பு செய்தேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 2009 மாடல் டீசல், எட்டு சீட், 2,41,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. பெல்ட்டில் ஓடி ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்ப், அதற்கு மேல் ஒரு சின்ன ஆயில் தொட்டி, கீழே முன் சக்கரங்களைத் திருப்பும் ரேக், இவற்றை இணைக்கும் மூன்று ஹோஸ் என்று இருக்கிற எந்தப் பழைய குடும்ப வண்டிக்கும் இந்தக் கதை பொருந்தும். வீட்டில் இரண்டு கார் வாங்க வசதியில்லாததால் காதுகுத்து முதல் திருவண்ணாமலை வரை எல்லாவற்றுக்கும் இதுதான்.

காலையில் எடுக்கும்போது ஸ்டீயரிங் பழையபடி இருக்கும். பதினைந்து இருபது நிமிடம் ஓடிய பிறகு கனக்க ஆரம்பிக்கும். பாடி மேம்பாலத்துக்குக் கீழே யூ-டர்ன் எடுக்கும்போது தோள்பட்டை வரை இழுக்கும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் லேசாகும், விட்டால் மறுபடி கனம். கூடவே ஒரு முனகல்: வெட் கிரைண்டரில் அரிசி போடாமல் வெறும் கல்லைச் சுற்ற விட்டால் வருமே, அந்த மாதிரி. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப முனகல் ஏறும்.

காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய்தேன். அந்த வரைக்கும் புத்தி வேலை செய்தது. முன் டயர் இரண்டிலும் காற்று 33 பிஎஸ்ஐ, சரி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டேண்ட் கொடுத்து, இன்ஜினை அணைத்த நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றினேன். எங்கும் பிடிக்கவில்லை, கரகரக்கவில்லை. ஆக, பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் தண்டு, கீழே இருக்கிற சிலுவை மூட்டு எதுவும் குற்றவாளி இல்லை. ரேக்கின் இரண்டு பக்க ரப்பர் உறையையும் விரலால் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் தளதளவென்று தெரியும். இரண்டும் வெறும் காற்றாகத்தான் அமுங்கின.

கனத்தை எண்ணாக எழுதி வைக்க ஒரு வழி தேடினேன். விமான நிலையம் போகும்போது பெட்டியை எடை பார்க்கத் தொங்கவிடும் கைத்தராசு வீட்டில் இருந்தது. அதன் கொக்கியை ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டி, வண்டி நின்ற இடத்தில், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது), தொடுகோட்டுத் திசையில் இழுத்தேன். வளையம் நகர ஆரம்பிக்கும்போது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். காலையில் 3.5 கிலோ. இருபது நிமிடம் ஓட்டி வந்த பிறகு அதே இடத்தில், அதே தரையில் 11 கிலோ. இந்த இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினேன். பின்னால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னபோது நான் நம்பியது இந்தத் தாளைத்தான்.

அப்புறம்தான் புத்தி கெட்டது.

பெல்ட்டில் நிறைய வெடிப்பு இருந்தது. பெல்ட் வழுக்குகிறது, அதனால்தான் ஐடிலில் பம்புக்குச் சக்தி போகவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் 850 ரூபாய்க்குப் புது பெல்ட். ஞாயிறு காலை இரண்டு மணி நேர வேலை. மாட்டி, ஓட்டி, தராசை மாட்டினேன்: 11 கிலோ. யோசித்துப் பார்த்தால் பெல்ட் வழுக்கினால் வருகிற சத்தமே வேறு. அது கீச்சென்று கத்தும், அதுவும் முழுக்கத் திருப்பும்போது திடீரென்று. என் வண்டி முனகியது. காதில் விழுந்ததைக் கேட்காமல் கண்ணில் பட்டதை மாற்றினேன். எப்படியும் மாற்ற வேண்டிய பெல்ட்தான், ஆனால் இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து ஆயில். தொட்டி மூடியைத் திறந்து ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஏடிஎஃப் (இந்த வண்டியின் பவர் ஸ்டீயரிங் ஆயில்) டீக்கடை டிகாஷன் நிறத்தில் பரவியது. இதை மாற்றினால் போதும் என்று தோன்றியது. டெக்ஸ்ரான் 3 ரகம், லிட்டர் 420 ரூபாய் வீதம் மூன்று லிட்டர் வாங்கினேன்.

திரும்பி வரும் ஹோஸைத் தொட்டியிலிருந்து கழற்றி, தொட்டியின் அந்த மூக்கை அடைத்து, ஹோஸ் முனையை இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். என் பெண் ஸ்டீயரிங்கில். நான் புது ஆயில் பாட்டிலோடு தொட்டிக்கு மேல். இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அங்கேதான் தப்பு. ஓடுகிற பம்ப் தொட்டியைக் காலி செய்ய நான்கைந்து நொடி போதும் என்பது எனக்குத் தெரியாது. நான் பாட்டிலைச் சாய்ப்பதற்குள் தொட்டி உறிஞ்சிக் குடித்து முடித்து, பம்ப் காற்றை மென்று ஒரு அலறல் அலறியது. “அப்பா, ஆஃப் பண்ணட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே அவள் அணைத்து விட்டாள். நல்லவேளை. மிச்ச வேலையை இன்ஜின் ஓடாமல், முன் சக்கரம் தூக்கிய நிலையில், ஸ்டீயரிங்கை மட்டும் சுற்றிச் சுற்றிச் செய்தேன். மெதுவாகத்தான் போகும், ஆனால் தொட்டி வற்றாது. அப்படித்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பழைய ஆயிலில் காந்தத்தை விட்டுப் பார்த்தேன். மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் ஒட்டியது, துண்டு துகள் எதுவும் இல்லை. பம்ப் நொறுங்கவில்லை என்று அது சொன்னது. நான் காதில் வாங்கவில்லை.

ஆயில் மாற்றிய மூன்று நாள் வண்டி அருமையாக இருந்ததாக நினைத்தேன். தாள் வேறு சொன்னது: இருபது நிமிடத்துக்குப் பிறகு 10 கிலோ. நான்காம் நாள் தொட்டியைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தேன். புது சிவப்பு ஆயில் ரோஸ் மில்க் ஆகியிருந்தது. அதே இளஞ்சிவப்பு, மேலே அதே நுரை. ஒரு ஸ்ட்ரா போட்டால் குடித்து விடலாம் போல. பழைய கறுப்பு ஆயிலில் இந்த நுரை கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அந்த வகையில் 1,260 ரூபாய் முழுக்க வீணில்லை. ஆனால் பழைய ஆயிலை வெளியேற்றி ஃப்ளஷ் செய்தபோது நான் உள்ளே விட்ட காற்றுதான் இது, ஓட ஓடப் போய்விடும் என்று சமாதானம் சொல்லி இன்னும் ஒரு வாரம் ஓட்டினேன். போகவில்லை.

சரி, தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று கிளம்பினேன். ஒரு பட்டறையில் வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “சார், ரேக் போயிடுச்சு. ரீகண்டிஷன் போட்டா பதினாலு, புதுசு போட்டா முப்பத்தெட்டு” என்றார்கள். ரப்பர் உறையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு இடத்தில் இருந்த பெரியவர், “தம்பி, முனகுதுன்னா பம்புதான். ரேக்கைத் தொடாதே” என்றார். அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. முனகல் வருவது பம்பிலிருந்துதான். ஆனால் பம்ப் ஏன் முனகுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெருக்கள் பாதி கோயில், பாதி சந்தை. என் மாடல் பம்ப் மூன்று கடையில் இருந்தது. புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்து, தண்டில் ஆட்டம் இல்லாததாக, ஆயில் கசிந்த தடம் இல்லாததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 6,000 சொன்னார், 4,500க்கு முடிந்தது. “ஓட்டிப் பாத்து சரியில்லன்னா மாத்திக்கலாம்ணா, காசு மட்டும் கேக்காதீங்க” என்ற வழக்கமான உத்தரவாதத்தோடு.

பம்பை மாற்றுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். அழுத்தக் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஒரு பேஞ்சோ போல்ட் (ஆயில் போக நடுவில் துளை உள்ள போல்ட்), அதற்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர். வாஷரைப் பழையதே போடக் கூடாது, புது ஜோடி 40 ரூபாய்தான். பிறகு பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். கடைசி போல்ட் மட்டும் ஏசி குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ரிங் ஸ்பேனர் எட்டில் ஒரு சுற்றுதான் திரும்பும், எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். அந்த ஒரு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம். கீழே பழைய போர்வையை விரித்துப் படுத்திருந்ததால் கழுத்து தப்பித்தது.

இப்போது சொல்லப் போகிற நான்கு வரிதான் இந்தப் பதிவுக்கே காரணம். தொட்டியிலிருந்து ஆயில் பம்புக்குள் நுழையும் இடத்தில் முழங்கை போல வளைந்த ஒரு குழாய் இருக்கும். ஒரே ஒரு போல்ட்டில் பம்போடு இறுக்கப்பட்டிருக்கும். அதன் காலில் ஒரு ரப்பர் ஓ-ரிங். புதுப்பேட்டை பம்பில் இருந்த முழங்கை வேறு கோணத்தில் திரும்பியிருந்தது, என் ஹோஸ் எட்டவில்லை. அதனால் பழைய பம்பிலிருந்து என் முழங்கையைக் கழற்றி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அதிலிருந்த ஓ-ரிங்கோடு அப்படியே புது பம்பில் செருகி இறுக்கினேன். நோயாளியைப் புது வீட்டுக்கு மாற்றும்போது நோயையும் மூட்டை கட்டிக் கூடவே அனுப்பி வைத்த வேலை. அப்போது தெரியவில்லை.

எல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். முனகியது. இருபது நிமிடம் கழித்து 11 கிலோ. அன்றைக்கு ராத்திரி நான் யாரோடும் பேசவில்லை.

மறுநாள் புதுப்பேட்டைக்குப் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே வாங்கியதும் பழைய பம்ப்தான், அதுவும் அதே மாதிரி கெட்டிருக்கலாம்தானே. ஆனால் இரண்டு பம்ப், ஒரே எடை, ஒரே சத்தம், ஒரே இருபது நிமிடம் என்பது இடித்தது. ஊகத்தை நிறுத்திவிட்டு அழுத்தத்தை அளப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கென்று செய்த கருவி பெரிய பட்டறைகளில் இருக்கும். எனக்கு வாடகைக்குக் கூடக் கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜேசிபிக்கும் பிரஸ்ஸுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் உண்டு. என் பேஞ்சோ போல்ட்டையும் பழைய பம்பையும் கையோடு எடுத்துப் போய், “இதுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கேஜும் ஒரு வால்வும் வரணும்ணா” என்றேன். அவர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் வேலையை ஆரம்பித்தார். 160 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும், முள் ஆடாமலிருக்கக் கிளிசரின் நிரப்பிய கேஜ் 950. உயர் அழுத்த பால் வால்வு 1,200. இரண்டு துண்டு ஹோஸ், முனைகள், கிரிம்பிங் எல்லாம் சேர்த்து 1,650. தண்ணீர்க் குழாய் வால்வை இங்கே மாட்ட நினைக்க வேண்டாம். இந்த வகைப் பம்புகள் வழியை அடைத்தால் 70, 80 பார் வரை ஏற்றும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் ஆயில் தோலுக்குள்ளேயே போகும். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும்.

முதல் தடவை கேஜை வால்வுக்கு அந்தப் பக்கம், ரேக் பக்கமாக மாட்டி விட்டேன். வால்வை மூடியதும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. பம்ப் செத்தே போய்விட்டது என்று ஒரு நிமிடம் நம்பி உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, பம்ப், கேஜ், வால்வு, ரேக் என்ற வரிசையில் வர வேண்டும். கழற்றி மாற்றி மாட்ட அரை மணி, சிந்திய ஆயில் கால் லிட்டர்.

சோதனை எளிது. இன்ஜின் ஐடிலில் இருக்க, வால்வை மூடி, எண்ணைப் பார்த்து, ஐந்து நொடிக்குள் திறந்து விட வேண்டும். அதற்கு மேல் மூடியே வைத்தால் பம்ப் கொதித்துப் போகும். காலையில், வண்டி ஆறியிருந்தபோது 78 பார், முள் கல்லாக நின்றது. வால்வைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடி வரை திருப்பிப் பிடித்தால் 77. அதாவது பம்ப் கொடுப்பதை ரேக் அப்படியே தாங்குகிறது, உள்ளே எங்கும் கசிய விடவில்லை. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ரேக் அந்த நொடியிலேயே விடுதலை ஆனது.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி மூடினேன். முள் எந்த எண்ணிலும் நிற்கவில்லை. 40க்கும் 55க்கும் நடுவில் துடித்தது. கிளிசரின் கேஜில் முள் அப்படி ஆடக் கூடாது. தேய்ந்த பம்பாக இருந்தால் குறைந்த எண்ணில் போய் அமைதியாக நின்றிருக்கும். காற்றை மென்று துப்புகிற பம்புக்குத்தான் இந்த நடுக்கம். இரவெல்லாம் நின்றால் குமிழி அடங்கிவிடும், அதனால் காலையில் சாது. ஓட ஓட நுரை சேரும், அதனால் இருபது நிமிடக் கணக்கு. எல்லாம் ஒரே நூலில் வந்து சேர்ந்தது.

அப்படியானால் காற்று எங்கே நுழைகிறது? பெரும்பாலும் தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில்தான் நுழையும். அது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வீட்டுத் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாததற்கு அதுவும் ஒரு காரணம். நான் அதைப் பார்த்து “லீக் இல்லை” என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன்.

கண்டுபிடிக்கக் கெட்டியான கிரீஸும் ஒரு பழைய பெயின்ட் பிரஷும். பிரஷை ஒரு அடி நீளக் குச்சியில் கட்டினேன், ஏனென்றால் கைக்கு அருகிலேயே பெல்ட் ஓடுகிறது. சட்டைக் கையை மடித்து, வாட்சைக் கழற்றி வைத்தாயிற்று. வண்டி முனகிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு இணைப்பாகப் பூசினேன். தொட்டி முனை கிளிப்பில் பூசி ஒரு நிமிடம் காத்திருந்தேன், மாற்றமில்லை. ஹோஸின் அடி முனையிலும் மாற்றமில்லை. மூன்றாவதாக முழங்கை பம்புக்குள் நுழையும் விளிம்பைச் சுற்றிப் பூசினேன். பிரஷை எடுத்து முடிப்பதற்குள் பூசிய கிரீஸில் ஒரு சின்னக் குழி விழுந்தது, உள்ளே இழுக்கப்பட்டது போல. மேலே இன்னொரு பூச்சு அப்பினேன். ஆறேழு நொடியில் முனகல் பாதியானது. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பெண், “அப்பா, நுரை குறையுது” என்றாள்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, அந்த ஒற்றை போல்ட்டைக் கழற்றினேன். ஓ-ரிங் உருண்டையாக இல்லை, தட்டையாக இருந்தது. வெட்டுமுகம் வட்டமாக இருக்க வேண்டியது சதுரமாகியிருந்தது. நகத்தால் அமுக்கினால் ரப்பர் மாதிரி குழியவில்லை, பழைய பிளாஸ்டிக் மூடி போல டக்கென்றது. வெர்னியர் அளவுகோலில் தடிமன் 1.7 மி.மீ. பதினைந்து வருஷமாக இன்ஜின் சூட்டில் வெந்திருக்கிறது, பாவம்.

பாரிமுனையில் ஓ-ரிங்கும் ஆயில் சீலும் மட்டுமே விற்கும் ஒரு சின்னக் கடை. பழையதை நீட்டினேன். அவர் அதை அளக்கவே இல்லை. “தட்டையானதை அளந்து என்ன பண்றது? பள்ளம் எவ்வளவு?” என்று கேட்டார். நல்லவேளையாக முழங்கையைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். பள்ளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பார்த்து 2.4 மி.மீ. தடிமன் என்றார். அடுத்த கேள்வி: “உள்ள ஓடறது பிரேக் ஆயிலா, சாதா ஆயிலா?” பிரேக் ஆயிலுக்குப் போடும் ஈபிடிஎம் ரப்பர் ஏடிஎஃப்பில் ஊறி உப்பிவிடும். இங்கே வேண்டியது நைட்ரைல் ரப்பர். ஒன்று 12 ரூபாய், இரண்டு வாங்கினேன். 24 ரூபாய்க்கு பில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய அந்தக் கேள்வி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மண்டையில் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பட்டறையில் ஆயில் திரும்பும் ஹோஸை மாற்றிக் கொடுத்தார்கள். வந்ததும் அதைத் துடைத்துப் பார்த்தேன். ஹீட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸ். ஈபிடிஎம். தொட்டால் கொழகொழவென்று இருந்தது, கழற்றிப் பிளேடால் நீளவாக்கில் கிழித்தால் உள்சுவர் ஊறின தோசைமாவு மாதிரி உரிந்து வந்தது. அப்படியானால் உரிந்ததெல்லாம் எங்கே போயிருக்கும்?

தொட்டியில்தான். அடியில் ஒரு மெல்லிய வலை இருக்கிறது. கழற்ற முடியாது, தொட்டியோடு சேர்த்து வார்த்தது. டார்ச் அடித்தால் கறுப்புப் பொடி அப்பியிருந்தது. எவ்வளவு அடைப்பு என்று அறிய, தொட்டியைத் தனியாகப் பிடித்து, அரை லிட்டர் ஏடிஎஃப்பை ஊற்றி அடிவழியாக வடிய விட்டேன். 41 நொடி. புதுத் தொட்டி 1,450 ரூபாய்க்கு வாங்கி அதே அரை லிட்டரை ஊற்றியபோது 9 நொடி. அடைபட்ட வலை பம்பின் உறிஞ்சலை இன்னும் கடுமையாக்க, அந்த உறிஞ்சல் காய்ந்த ஓ-ரிங் வழியாகக் காற்றை இழுத்திருக்கிறது. ஓ-ரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதம் ஓடியிருக்கும், அப்புறம் பம்ப் ஆயில் கிடைக்காமல் மறுபடி அழ ஆரம்பித்திருக்கும்.

உறிஞ்சும் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டையும் ஆயில் தாங்கும் ரகத்தில் மாற்றினேன், மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கியது, மொத்தம் 640. ஸ்க்ரூ கிளிப் 120. புது ஓ-ரிங்கில் கொஞ்சம் ஏடிஎஃப் தடவி, முழங்கையை நேராக அழுத்திச் செருகினேன். சாய்த்துச் செருகினால் விளிம்பில் வெட்டுப்படும்.

காற்றை எடுப்பதில் இந்தத் தடவை அவசரப்படவில்லை. முன் சக்கரம் தூக்கி, இன்ஜின் அணைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது தடவை மெதுவாக. ஒவ்வொரு ஐந்து தடவைக்கும் தொட்டியைப் பார்த்து நிரப்பினேன். பிறகு ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். மறுபடி பத்து தடவை. அதற்குப் பிறகுதான் சாவி. ஐடிலில் இன்னும் சில தடவை, கோடியில் போய்ப் பிடித்து நிற்காமல். ஆயில் இரண்டு லிட்டர் பிடித்தது, பாதி கழுவலுக்குப் போனது.

இருபது நிமிடம் ஓட்டி வந்து வால்வை மூடினேன். 76 பார், முள் அசையவில்லை. தராசு 3.2 கிலோ.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒரு சோதனை பின்னால்தான் தெரிந்தது. இதற்கு ஒரு ஸ்கேல் போதும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது தொட்டியில் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அணைத்துச் சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆயிலுக்குள் காற்று இருந்தால், அழுத்தம் விலகியதும் உப்பி மட்டம் ஏறும். 5 மி.மீ.க்கு மேல் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது என்று பட்டறைக் கையேடுகளில் இருக்கிறது. எடுத்துப் போட்ட பழைய ஓ-ரிங்கை வேண்டுமென்றே மறுபடி மாட்டி, அரை மணி ஓட்டி அளந்தேன், பார்க்காமல் மனசு ஆறவில்லை. 19 மி.மீ. புதியதை மாட்டி, காற்றெடுத்து அளந்தால் 2 மி.மீ. வீட்டில் இதற்காக ஒரு ஞாயிறு போனதைப் பற்றி வந்த விமர்சனத்தை இங்கே எழுதவில்லை.

மொத்தச் செலவு 13,524 ரூபாய். அதில் ஓ-ரிங், ஹோஸ், கிளிப், தொட்டி, கடைசியாக ஊற்றிய ஆயில் என்று உண்மையில் தேவைப்பட்டது 3,074. பெல்ட், முதல் மூன்று லிட்டர் ஆயில், புதுப்பேட்டை பம்ப், அதன் வாஷர் சேர்ந்து 6,650. கேஜுக்கு ஆன 3,800ஐ எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை. ஸ்கேல் சோதனை தெரிந்திருந்தால் கேஜே வேண்டியிருக்காது. ஆனால் ரேக் நன்றாக இருக்கிறது என்பதை ஸ்கேல் சொல்லியிருக்காது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கேஜை ஏற்கெனவே இரவல் கேட்டிருக்கிறார்.

அடுத்த தடவை வரிசை இப்படித்தான்: டயர் காற்று, சக்கரம் தூக்கிச் சுற்றல், ஆயில் நிறம், ஸ்கேல், கிரீஸ். ஸ்பேனர் எடுப்பது அதற்குப் பிறகு. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதிலிருந்து புதியதற்குத் தாவுகிற ரப்பர் எதுவும் இருக்கக் கூடாது.

பழைய பம்ப் ஷெல்ஃபில் இருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை என்று இப்போது தெரியும். புதுப்பேட்டையில் விசாரித்தேன், 1,200க்கு எடுத்துக் கொள்கிறாராம். “நல்ல பம்பா?” என்று கேட்டார். இரண்டில் எதை விற்பது, எதை வண்டியில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த ஏசி குழாய்க்குப் பின்னால் இருக்கிற போல்ட்டை நினைத்தால், இப்போதைக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை.